காதுக்குப் பின்னால் ஒரு வயர்



'நரம்பு மண்டலமும் புதிய கருவிகளும்' என்று ஒரு பெரிய தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூராலிங்க் நிறுவனம், கைகால் அசையாத ஓர் இளைஞரின் மூளையில் சிப் ஒன்றைப் பதித்தது. அவர் நினைத்தால் கணினித் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அந்தச் செய்தி நம் டீக்கடை வரைக்கும் வந்தது. சில வாரங்களில் அந்தச் சிப்பின் மெல்லிய இழைகளில் பல, மூளையிலிருந்து விலகி வந்துவிட்டன என்ற அடுத்த செய்தி டீக்கடைக்கு வரவில்லை. நடுக்குவாதக்காரர்களின் மூளைக்குள் மின்முனை வைத்து நடுக்கத்தை அடக்கும் சிகிச்சையை 1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபித் தொடங்கிவைத்தார். அதைப் பற்றி மட்டுமே ஒரு மாலை முழுக்கப் பேசலாம். நான் இரண்டையும் விட்டுவிடப்போகிறேன்.

நரம்போடு நேரடியாகப் பேசும் கருவி ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. காலை எட்டரை மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில், வத்தலக்குண்டிலிருந்தோ நத்தத்திலிருந்தோ வந்து இறங்கும் பள்ளிப் பிள்ளைகளின் தலையைக் கவனித்துப் பாருங்கள். ஏதோ ஒரு பிள்ளையின் காதுக்குப் பின்னால் சிறிய மெஷின் ஒன்று மாட்டியிருக்கும். அதிலிருந்து ஒரு வயர் போகும். வயரின் நுனியில், முடிக்குள் பாதி மறைந்தபடி ஐந்து ரூபாய்க் காசு அளவில் ஒரு வட்டம் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பலரும் அதைக் காது மெஷின் என்றே நினைக்கிறார்கள். சாதாரணக் காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கி அதே காதுக்குள் அனுப்புவது. இது காக்ளியர் இம்ப்ளாண்ட். காது செய்யவேண்டிய வேலையைத் தானே செய்து, செவி நரம்புக்கு நேரே மின்சாரமாகக் கொடுப்பது. உலகில் நரம்பு சார்ந்த உள்வைப்புக் கருவிகளில் இதைவிட நீண்ட காலம், இத்தனை லட்சம் பேருக்குப் பயன்பட்டது வேறில்லை. ஆகவே இதைப் பற்றியே பேசுகிறேன். குறிப்பாக, அந்த வயரைப் பற்றி.

முதலில் அதன் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் உள்காதில் நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஓர் எலும்புக் குழல் இருக்கிறது. அதற்குள் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் முடிச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. முக்கியமான உள்வரிசையில் ஏறத்தாழ 3,500 செல்கள். குழலின் அடிப்பக்கம் கீச்சென்ற ஒலிக்கும், உச்சி கனத்த ஒலிக்கும் அதிரும் என்று ஆராய்ந்து காட்டியவர் கேயார்க் வான் பேகேஷி. 1961-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இந்தச் செல்கள் செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் பல வருஷம் வேலை பார்த்த பெண்கள் வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்துக் கேட்பதற்குக் காரணம் இந்தச் செல்களின் சாவுதான். சில குழந்தைகளுக்கோ அவை பிறவியிலேயே வேலை செய்வதில்லை. அவற்றுக்குப் பின்னால் நிற்கும் நரம்பு பெரும்பாலும் நல்லபடியாகத்தான் இருக்கும். செல் இல்லாத இடத்தில் மின்முனை ஒன்றை வைத்து நரம்பைத் தட்டினால் என்ன? இவ்வளவுதான் யோசனை.

யோசனை பழையது. மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்ட்டா, 1800-ல் அதை அறிவித்தபோதே தன் இரு காதுகளிலும் உலோகக் கம்பிகளைச் செருகி மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்த்ததையும் எழுதியிருக்கிறார். தலைக்குள் ஓர் அதிர்ச்சி. பிறகு கெட்டியான கூழ் கொதிப்பது போன்ற சத்தம். ஆபத்து என்று தோன்றியதால் மறுபடி செய்யவில்லை. நான் இயற்பியல் வாத்தியார். என் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் யாரும் வீட்டில் முயற்சி செய்யவேண்டாம் என்று சேர்த்தே சொல்வேன்; கடைசி பெஞ்சில் ஒருவன் உடனே யோசிக்கத் தொடங்கிவிடுவான்.

அடுத்த பெரிய அடி 1957 பிப்ரவரி 25-ல் பாரீசில் விழுந்தது. ஆந்த்ரே ஜூர்னோ என்ற உடலியல் அறிஞரும் ஷார்ல் எய்ரியெ என்ற காது அறுவை மருத்துவரும், இரு காதும் கேளாத ஒருவருக்குச் செவி நரம்பை ஒட்டி ஒரு கம்பிச் சுருளை வைத்தார்கள். அவருக்குச் சத்தம் கேட்டது. பழக்கிய சில சொற்களை அடையாளம் கண்டார். பிறகு கருவி பழுதானது. எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார்கள், அதுவும் பழுதானது. மூன்றாவது முறை வைக்க எய்ரியெ மறுத்துவிட்டார். இருவரும் பிரிந்தார்கள். கண்டுபிடிப்பின் கதையாக மட்டுமே இதைச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் அந்த நோயாளிதான் பெரியவராகத் தெரிகிறார். கேட்கத் தொடங்கி, நின்று, மறுபடி கேட்டு, மறுபடி நின்றுபோன முதல் ஆள் அவர். பின்னால் வந்த எத்தனையோ பேரின் கதைக்கு அவர் முன்னோடி.

பிறகு லாஸ் ஏஞ்சல்சில் வில்லியம் ஹவுஸ் 1961-ல் தொடங்கினார். அவருடைய கருவி ஒரே மின்முனை கொண்டது. சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. பேச்சு புரிய வேண்டுமென்றால் நத்தைக் குழலின் வெவ்வேறு இடங்களைத் தனித்தனியாகத் தட்டவேண்டும். ஆஸ்திரேலியாவின் கிரீம் கிளார்க் அதைத்தான் செய்ய விரும்பினார். அவருடைய தந்தை காது மந்தமான மருந்துக் கடைக்காரர். வளைந்த குழலுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது என்பது கிளார்க்கின் தலைவலி. 1977-ல் கடற்கரையில் ஒரு சுருள் சங்கை எடுத்து, புல் தண்டுகளை அதற்குள் செலுத்திப் பார்த்திருக்கிறார். நுனி மெல்லியதாய், அடி கெட்டியாய் இருந்த தண்டு சுருளில் உள்ளே வரை போயிற்று. 1978 ஆகஸ்டு 1-ல் மெல்பர்னில் முதல் அறுவை. அதே காலத்தில் வியன்னாவில் இங்கெபோர்க் ஹோக்மயரும் அவர் கணவர் எர்வினும் தங்கள் பலமுனைக் கருவியை 1977 டிசம்பரிலேயே பொருத்திவிட்டார்கள். 1990-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குழந்தைகளுக்கு வைக்க அனுமதித்தது. இன்று நிறுவனத்தைப் பொறுத்து 12, 16, அல்லது 22 மின்முனைகள். 3,500 செல்கள் செய்யும் வேலைக்கு 22 புள்ளிகள்! அது போதுமானதாக இருப்பதற்குக் காரணம் மூளை. கிடைத்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை அது கட்டிக்கொள்கிறது.

அதற்கு வயது முக்கியம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் அனு ஷர்மா குழந்தைகளின் மூளை அலைகளை அளந்து ஒன்றைக் காட்டினார். மூன்றரை வயதுக்குள் கருவி வைத்தால், ஒலிக்கு மூளை காட்டும் பதில் சில மாதங்களிலேயே மற்றக் குழந்தைகளின் அளவுக்கு வந்துவிடுகிறது. ஏழு வயதுக்கு மேல் வைத்தால் பெரும்பாலும் வருவதில்லை. ஒலி வராத பகுதியை மூளை சும்மா போட்டுவைக்காது. பார்வைக்கும் வேறு வேலைக்கும் கொடுத்துவிடும்.

நம் வீடுகளில் இந்த மூன்றரை வருஷம் எப்படிப் போகிறது தெரியுமா? "அவுக அப்பனும் மூணு வயசுலதான் பேசுனான், அதெல்லாம் தன்னால வந்துரும்" என்று அப்பத்தா சொல்லுவார். பின்னால் நின்று தட்டைக் கீழே போடுவார்கள். தரை அதிர்வில் குழந்தை திரும்பும். கேட்குது என்று முடிவாகிவிடும். பிறந்த சில நாட்களில், தூங்கும் குழந்தையின் காதில் சிறு குழாயை வைத்துச் சில நிமிடங்களில் செய்கிற ஓ.ஏ.இ. சோதனை இருக்கிறது. சந்தேகம் வந்தால் மூளை அலையை அளக்கும் பெரா சோதனை இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் வந்தன. முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலக வழக்கு. நம்மிடம் ஆறாம் மாதத்தில் மொட்டைபோட்டுக் காது குத்துகிறோம். அந்தக் காது கேட்கிறதா என்று பார்ப்பதில்லை.

சொந்தத்தில் கல்யாணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் 28 சதவீதம் உறவுக்குள் நடப்பவை. மாநிலங்களிலேயே இதுதான் மிக அதிகம். ஜி.ஜே.பி.2 என்ற மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பிழை, பிறவிச் செவிடு உள்ள இந்தியக் குடும்பங்களில் அடிக்கடி தென்படுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் அது வெளிப்படும். மாமன் மகளைக் கட்டியவரைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை பிறந்தால் முதல் மாதமே காதைச் சோதியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இனி நாம் பெருமைப்படவேண்டிய இடம். இந்தியாவில் இந்தச் சிகிச்சை வளர்ந்த கதையில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர் மோகன் காமேஸ்வரன் இதில் முன்னோடி. 2006-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் ஆறு லட்சம், ஏழு லட்சம் என்று விலை இருந்தவரைக்கும் இது பணக்காரர் வீட்டுக் காதுதான். அதை மாற்றியது காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று ஆட்சிகள் மாறியும் பெயர்கள் மாறியும் திட்டம் நின்றுபோகவில்லை. ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைக்கு இன்று காக்ளியர் இம்ப்ளாண்ட் இலவசம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். அந்த வகையில் தமிழ்நாடு எத்தனையோ நாடுகளுக்கு முன்னால் நிற்கிறது. இதை நான் கை தட்டிச் சொல்வேன்.

அறுவை முடிந்து மூன்று நான்கு வாரத்தில் ஸ்விட்ச் ஆன். காணொளிகளில் பார்த்திருப்பீர்கள்: குழந்தை திடுக்கிடும், அம்மா அழுவார், பின்னணியில் இசை. உண்மையில் அந்த நாளில் குழந்தைக்குக் கேட்பது மொழி இல்லை. ஏதோ ஒன்று தலைக்குள் தட்டுகிறது, அவ்வளவுதான். பல பிள்ளைகள் தலையில் ஒட்டியிருக்கும் அந்த வட்டத்தை, காயிலை, பிடுங்கி எறிவார்கள். அதற்குப் பிறகு மேப்பிங். ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று கணினியில் வைத்துத் திருத்துவது. பிறகு தெரபி, வாரக்கணக்கில், வருஷக்கணக்கில். தினமும் காலையில் பிள்ளையின் பின்னால் உட்கார்ந்து ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லி, கேட்டதா என்று பார்ப்பார்கள். டேனியல் லிங் வகுத்த சோதனை இது. பேச்சின் கனத்த ஒலி முதல் கூர்மையான ஒலி வரை இந்த ஆறுக்குள் அடங்கும். 'ஸ்' மட்டும் கேட்கவில்லை என்றால் மேப்பிங்கைத் திருத்தவேண்டும்; எதுவுமே கேட்கவில்லை என்றால் முதலில் வயரைப் பார்க்கவேண்டும்.

தமிழ் இந்தக் கருவிக்குக் கொஞ்சம் இணக்கமான மொழி என்பது என் எண்ணம். காக்ளியர் இம்ப்ளாண்ட் நேர அளவை நன்றாகக் கொண்டுபோகும். சுருதியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டுபோவதில் பலவீனம். சீன மொழியில் ஒரே அசையைச் சுருதி மாற்றிச் சொன்னால் பொருள் மாறிவிடும். அங்கே இம்ப்ளாண்ட் வைத்த குழந்தைக்கு அது கூடுதல் பாடு. நமக்குக் கல்லும் காலும், படமும் பாடமும், பாடும் பாட்டும் நேரத்தால் வேறுபடுகின்றன. குறில் நெடிலை இந்தப் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள முடியும். சிரமம் தருவது லகர ளகரமும் னகர ணகரமும். அங்கே வித்தியாசம் மெல்லிய அதிர்வெண்ணில் இருக்கிறது. ழகரத்தைப் பற்றி ஒரு தெரபிஸ்ட் கவலைப்பட்டால் நான் அவரைச் சமாதானப்படுத்துவேன். மதுரை, திண்டுக்கல் பக்கம் காது நன்றாகக் கேட்கிற நாமே வாளப்பளம்தான் வாங்குகிறோம். இசையிலும் இதே கணக்கு. மாசித் திருவிழாவில் கோட்டை மாரியம்மன் கோவில் முன்னால் தவிலும் பறையும் அடிக்கும்போது இந்தப் பிள்ளைக்குத் தாளம் தெளிவாகக் கிடைக்கும். நாதசுரத்தின் ராகம் கிடைப்பது கடினம்.

தெரபியின் உண்மையான விலை எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வருவதில்லை. நிலக்கோட்டையில் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிற தாய், ஆலையில் ஷிப்ட் பார்க்கிற தாய், தெரபிக்கு ஒரு நாள் ஒதுக்கினால் ஒரு நாள் கூலி போயிற்று. திண்டுக்கல்லிலிருந்து அறுபது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி மதுரை. பஸ் கட்டணம், சாப்பாடு, கையில் இன்னொரு குழந்தை. ஆறு மாதம் போவார்கள். பிறகு மாதம் ஒரு முறையாகும். பிறகு நிற்கும். தெரபி நின்றாலும் கருவி வேலை செய்யும். குழந்தைக்குச் சத்தம் கேட்கும், பேச்சு வராது. அப்போது ஊரார் "ஆப்ரேசன் பலிக்கல" என்பார்கள்.

இப்போது வயருக்கு வருகிறேன். உள்ளே வைத்த பகுதி பல பத்தாண்டுகள் இருக்கும்படி செய்தது. வெளியே மாட்டுகிற பகுதி வியர்வையிலும் புழுதியிலும் பள்ளிக்கூடச் சண்டையிலும் வாழ்கிறது. காயிலையும் மெஷினையும் இணைக்கும் வயர் வளைந்து வளைந்து உள்ளே அறுந்துபோகும். சில ஆயிரம் ரூபாய்ப் பொருள். சித்திரை வெயிலில் வியர்வை இறங்கி மைக் அடைத்துக்கொள்ளும். பேட்டரி உயிர் விடும். வயர் அறுந்த நிமிடத்தில் ஏழு லட்ச ரூபாய்க் கருவி முழுவதும் ஊமை. சென்னையிலிருந்து பொருள் வரும் வரைக்கும் பிள்ளை வகுப்பில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். கையில் பணம் இல்லாவிட்டால் அறுவடை வரைக்கும், ஆலையில் அட்வான்ஸ் கிடைக்கும் வரைக்கும் அப்படியே.

அதைவிடப் பெரிய கவலை மெஷினுக்கே வயதாவது. நிறுவனங்கள் பழைய மாடலை நிறுத்திவிடும். அதற்கு உதிரிப் பொருள் கிடைக்காது. புதியது லட்சக்கணக்கில். கேரளத்தில் 2012-ல் 'ச்ருதிதரங்கம்' என்ற அருமையான திட்டத்தில் ஏராளமான குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் வைத்தார்கள். பத்து வருஷத்தில் அந்த மெஷின்கள் பழையதாகிவிட்டன. 2023-ல் மாற்றிக் கொடுக்கத் தாமதமானபோது, பேசப் பழகிய பிள்ளைகள் திரும்பவும் கேளாதவர்களானது அங்கே பெரிய செய்தியானது. திட்டம் தோற்றதால் வந்த தொல்லை இல்லை அது. வெற்றி பெற்று வயதானதால் வந்தது. நம் பிள்ளைகளுக்கும் அதே வயதாகிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கப் பணக்காரர்களும் இதிலிருந்து தப்பவில்லை. செகண்ட் சைட் என்ற நிறுவனம் பார்வையற்றவர்களின் விழித்திரையில் 60 மின்முனைகளை வைக்கும் ஆர்கஸ் 2 என்ற கருவியைச் செய்தது. 2011-ல் ஐரோப்பாவிலும் 2013-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. உலகெங்கும் 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். 2019-ல் அந்தக் கருவியை நிறுத்தினார்கள். 2020 மார்ச்சில் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணுக்குள் கருவி இருக்கிறது, வெளிக் கண்ணாடி பழுதானால் சரிசெய்ய ஆளில்லை. காக்ளியர் இம்ப்ளாண்டிலும் ஒரு நிறுவனத்தின் மெஷின் இன்னொரு நிறுவனத்தின் உள்கருவியோடு பேசாது. நம் ஊர்ப் பூட்டுக்கு அடுத்தவன் செய்த சாவி சேராது என்பது பூட்டுக்குப் பெருமை; குழந்தையின் தலைக்குள் இருக்கும் பொருளுக்கு அது சாபம். குறைந்த விலையில் இந்தியக் கருவி ஒன்றுக்காக விசாகப்பட்டினத்தில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வுக்கூடம் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அப்துல் கலாம் ஆர்வம் காட்டிய வேலை அது. உதிரிப் பொருள் நம் கையில் இருக்கும் என்ற ஒரு காரணத்துக்காகவே அது கடைக்கு வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

மெஷின் பழுதுபார்க்க மதுரைக்கோ சென்னைக்கோ போயிருக்கும் மூன்று வாரம் அந்தப் பிள்ளை எந்த மொழியில் பேசும்? இம்ப்ளாண்ட் வைத்தால் சைகை மொழி கற்கக் கூடாது, கை பழகினால் வாய் பழகாது என்று பல பெற்றோரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் இதில் கேளாதோர் சமூகத்தின் பக்கம். பாளையங்கோட்டை பிளாரன்ஸ் ஸ்வைன்சன் பள்ளி 1897 முதல் கேளாத பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்துவருகிறது. கருவி வராத காலத்திலும் அவர்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், குடும்பம் நடத்தினார்கள். கருவி இருக்கும்போதும் குளிக்கும்போது கழற்றவேண்டும், தூங்கும்போது கழற்றவேண்டும். சைகை தெரிந்த பிள்ளைக்கு அந்த நேரத்திலும் மொழி உண்டு.

திண்டுக்கல்லுக்கு இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. அறுவையை மதுரையிலேயே செய்துகொள்ளலாம், அவசரமில்லை. மேப்பிங் செய்ய ஒரு கணினியும், கேட்பியல் படித்த ஒருவரும், வயர், காயில், பேட்டரி, ஈரம் உறிஞ்சும் டப்பா நிரம்பிய ஒரு பீரோவும் இங்கே இருக்கட்டும். காலையில் அறுந்த வயர் சாயங்காலத்துக்குள் மாறவேண்டும். தெரபியை ஒட்டன்சத்திரத்துக்கும் வேடசந்தூருக்கும் வாரத்தில் ஒரு நாள் கொண்டுபோகட்டும். தாய் வரும் நாளுக்குக் கூலி கொடுத்தால் என்ன என்றும் கேட்கிறேன். நூறு நாள் வேலையில் குளம் வெட்டியதற்குக் கொடுத்தோமே.

கேள்வி நேரத்தில் யாராவது எழுந்து, ஒரு காதுக்கு மட்டும்தானே தருகிறார்கள், இரண்டு காதுக்கும் ஏன் தரக்கூடாது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் 2009 முதலே குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் இரு காதுக்கும் வைக்கப் பரிந்துரை உண்டு. ஒரு காதால் கேட்கிற பிள்ளைக்குச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. வத்தலக்குண்டு ரோட்டைக் கடக்கும்போது அது சின்ன விஷயமில்லை. இருந்தாலும் இருக்கிற பணம் இவ்வளவுதான் என்று என்னிடம் கொடுத்தால், இரண்டாவது காதுக்கு முன்னால் முதல் காதின் வயருக்கும், பத்து வருஷம் கழித்து வரப்போகும் புது மெஷினுக்கும்தான் ஒதுக்குவேன். இதில் மாற்றுக் கருத்து உள்ள பெற்றோர் இந்த அரங்கில் இருப்பார்கள். அவர்கள் முதலில் பேசட்டும். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.